ஒரே ஆள் ஊதுவது போல

டன்மெரிக் ஊர்ப் பைப் பேண்டு எந்த ஆண்டு தொடங்கப்பட்டது என்பதை அதன் கமிட்டி ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கைதூக்கி வாக்கெடுத்து முடிவு செய்தது.

முடிவு செய்ய வேண்டிய அவசியம் இருந்தது. பெரிய முரசின் தோலில் ஓர் ஆண்டு எழுதியிருந்தது. பட்டுக் கொடியில் வேறொன்று தைத்திருந்தது. ஒத்திகைக் கூடத்துச் சுவரில் தொங்கிய புகைப்படத்தில் இரண்டுக்கும் முந்தைய ஆண்டு. அதிலேயே பேண்டுக்காரர்கள் பல காலம் ஊதிக் களைத்த முகத்தோடுதான் நின்றார்கள்.

"கூடாரத்துக்குச் சொல்லியாச்சு," என்றார் சேர்மன் ஆர்ச்சிபால்ட் ராட்ரே. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பையில் காற்றடைத்து ஊதும் அந்தப் பைப்பை வாழ்நாளில் ஒரு முறைகூட வாயில் வைத்ததில்லை; ஆனால் பேண்டுக்காரர்கள் உடுத்தும் கில்ட் பாவாடையில் ஊரிலேயே அதிக மடிப்புள்ளது அவருடையதுதான். "நூற்றாண்டு விழா வர்ற ஜூன்ல. அப்போ, பேண்டு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஜூன்லதான் தொடங்கியிருக்கணும். வரலாறு எப்படி நடந்திருந்தாலும் நமக்கு மரியாதை உண்டு. ஆனா கமிட்டி ஏத்துக்கற வரைக்கும் அது நடந்ததா ஆகாது. ஆதரிக்கறவங்க கைதூக்கலாம்."

தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்டபோது வாட்டி பெட்ரியின் கை இன்னும் மேலேயே இருந்தது. முதல் முறை தூக்கியதை இறக்க மறந்துவிட்டார்.

வாட்டி, ஹை ஸ்ட்ரீட் பேக்கரியில் ப்ரைடி சுடுகிறவர். மாவுக்குள் இறைச்சியை மடித்து ஓரத்தைக் கட்டைவிரலால் நெரிக்கிற அந்தப் பலகாரத்துக்காக, அதற்கே பேர்போன ஃபார்ஃபர் ஊரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். பதினோரு வருடமாகப் பேண்டில் இருக்கிறார். ஒத்திகைக்கு மீந்த ப்ரைடிகளைக் கொண்டுவருவார். யாரோடும் தகராறு செய்ததில்லை.

"ஆதரிச்சும் எதிர்த்தும் வாக்களிச்ச ஒரே உறுப்பினர்," என்று சேர்மன் அவரைப் பார்த்தார். "சொந்தக் கருத்தே கிடையாது. வரலாறு எழுத இதைவிடத் தகுதி வேணுமா? பேண்டோட நூற்றாண்டு வரலாற்ற வாட்டி பெட்ரி எழுதணும்னு முன்மொழியறேன்."

மறுபடி கைகள் உயர்ந்தன. வாட்டி இந்த முறை தன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். கூட்டம் கலையும் முன், இதுதான் நல்ல சமயம் என்று நினைத்து எழுந்தார்.

"ஒரு சின்ன விஷயம். ஆகஸ்ட்ல என் பொண்ணு கிர்ஸ்டிக்கும் ஆன்ட்ரூவுக்கும் கல்யாணம். சர்ச் வாசல்லேர்ந்து கார் வரைக்கும் நான் ஊதிக்கிட்டுக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசைப்படறா. என் பைப்ப அன்னைக்கு ஒருநாள் எடுத்துட்டுப் போகலாமா?"

சிக்கனத்துக்காக அணைத்துவைத்திருந்த ஹீட்டரில் ஏதோ டக்கென்றது. பேண்டை முன்னின்று நடத்தும் பைப் மேஜர் கென்னத் டால்கார்னோவின் முகத்திலிருந்து சிவப்பு மெல்ல இறங்கியது. அவருக்கு முன் அவர் அப்பா, அதற்கு முன் தாத்தா என்று மூன்று தலைமுறையாகப் பைப் மேஜர் பதவி அந்தக் குடும்பத்தில்தான்.

"தனியாவா?" என்றார்.

"ஆமா மேஜர். நான் மட்டும்தான்."

"தனியா ஊதறது பேண்டோட பாரம்பரியம் இல்ல, வாட்டி."

சேர்மன் தொண்டையைச் செருமினார். "பைப்பெல்லாம் பேண்டோட சொத்து. கூடத்து அலமாரிய விட்டு வெளிய போனதில்ல. இது உங்க பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன்."

பைப் ஊதுவதில் தனக்கு என்ன ஆபத்து என்று வாட்டி வீடு வரும் வழியெல்லாம் யோசித்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்," என்றாள் அவர் மனைவி நெட்டா, கதையைக் கேட்டுவிட்டு.

"என்ன சந்தேகம்?"

"போன வருஷம் ஊர்த் திருவிழா. நீங்கல்லாம் ஊதி நிறுத்தினீங்கல்ல? எல்லாரும் பைய இறக்கிட்டாங்க. நீ மட்டும் கண்ண மூடிக்கிட்டு, கன்னத்த உப்பிக்கிட்டு, விரல ஆட்டிக்கிட்டு இன்னும் கொஞ்சம் ஊதின. ஆனா நீப் ஊளைய நிறுத்திட்டு உக்காந்துடுச்சு."

நீப் அவர்கள் வீட்டு நாய். பைப் சத்தம் எங்கே கேட்டாலும், ரேடியோவில் கேட்டாலும், தலையைத் தூக்கி ஊளையிடும். பைப் நின்றால் ஊளையும் நிற்கும். ஒரு நொடி முன்னே பின்னே ஆகாது.

"சரியா முடிச்சேன்னு மேஜர் அன்னைக்கு என்னைப் பாராட்டினாரு," என்றார் வாட்டி.

"அதான் சொல்றேன்," என்றாள் நெட்டா.

வாட்டிக்கு வீட்டில் ஊதிப் பார்க்க வழியில்லை. வீட்டில் இருந்தது பயிற்சிக் குழல். கொசு ரீங்கரிப்பது போலக் கேட்கும், நீப்புகூட அதை மதிப்பதில்லை. பையும், விடாமல் ஒரே சுருதி தரும் ஒத்துக் குழல்களும் சேர்ந்த நிஜப் பைப் கூடத்தில்தான் கைக்கு வரும். அதிலும் சீவாளியை யாரும் தொடக்கூடாது. விரல் ஓடும் ஊதுகுழலின் தலைக்குள் செருகும் அந்த நாணல் துண்டுதான் பைப்பின் நாக்கு. ஒவ்வொருவருடைய சீவாளியையும் பைப் மேஜரே சரிபார்த்து, செருகி, கையில் கொடுப்பார். சுருதி சேர்வதற்கான ஏற்பாடு. உலகம் முழுக்கப் பைப் பேண்டுகளில் உள்ள வழக்கம். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

ஆனாலும் அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. வரலாறு எழுதும் சாக்கில், பேண்டின் மிக மூத்த உறுப்பினர் டேவி லீஸைப் பார்க்க, பிரெக்கின் சாலையில் இருந்த முதியோர் இல்லத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார். டேவி ஜன்னலோரம் உட்கார்ந்து யாரோ ஒருவரின் ஜெல்லியையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கோப்பை ஜெயிச்ச கதை வேணும்," என்றார் வாட்டி. பேண்டு தன் நூறு ஆண்டில் வென்ற ஒரே கோப்பை அது.

"நடுவர் என்ன சொன்னாரு தெரியுமா?"

"ஒரே ஆள் ஊதறது போல இருந்துச்சுன்னு. கோப்பையிலயே பொறிச்சிருக்கே."

"நல்ல மனுஷன். பொய் சொல்லல." டேவி கரண்டியை நக்கினார். "ஒரே ஆள்தான் ஊதினான்."

வாட்டி பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

"இப்ப இருக்கானே டால்கார்னோ, அவனோட தாத்தா. கூட ஊதினா நாங்க கெடுத்துடுவோம்னு அந்தாளுக்குப் பயம். ஆள் குறைஞ்சா போட்டியில சேத்துக்க மாட்டாங்க. அதனால எங்க எல்லாருக்கும் ஊமைச் சீவாளி. சீவாளியோட இடுப்புல நூல் சுத்தி இறுக்கினா மூச்சு போகும், நாக்கு ஆடாது. ஒத்துக் குழலுக்குள்ள தக்கை. கன்னம் உப்பும், பை அமுங்கும், வேர்த்துக் கொட்டும். சத்தம்? அந்தாளோடதுன்னு தெரியாம நம்மளோடதுன்னு நெனச்சுக்குவோம். பக்கத்துல நிக்கறவனும் அப்படித்தான நெனச்சுக்கிட்டு நின்னான்!" டேவி சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"விரலு. உயிருள்ள குழலா இருந்தா நுனி விரல்ல எறும்பு ஊர்ற மாதிரிக் குறுகுறுக்கும். எனக்குக் குறுகுறுக்கல. உனக்கு?"

வாட்டி தன் விரல்களைப் பார்த்தார். நகத்தில் மாவு இருந்தது.

"அடுப்புல சுட்டுச் சுட்டு மரத்துப்போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.

டேவி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட் டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே பஞ்சுக்கு நடுவே ஒரு சீவாளி. "இது பேசும். நூல் கீல் கிடையாது. என் பைப்புகூடக் கட்டிலுக்கடியில கெடக்கு. இங்க ஊதினா மேட்ரன் போலீஸக் கூப்பிடுவா."

அடுத்த ஒத்திகையில் வாட்டி வட்டத்தில் நின்று ஊதினார். சுற்றிலும் சத்தம் காதைக் கிழித்தது. விரல் நுனியில் ஒன்றுமே இல்லை. ஊதி முடித்ததும் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார். அதைப் பக்கத்தில் நின்ற தபால்காரர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. ஊதறப்போ உங்களுக்கு விரல் குறுகுறுக்குமா?"

தபால்காரர் பையை மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஆனால் அடுத்த பாட்டு முடிந்ததும் அவரும் விரலைத் தேய்த்தார். அதைப் பள்ளிக்கூட டீச்சர் பார்த்தார். இரண்டு வாரத்துக்குள் பேண்டு முழுவதும் பாட்டுக்குப் பாட்டு விரலைத் தேய்த்துக்கொண்டு நின்றது. எல்லாரும் மற்றவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். தன் பைப் ஊமையோ என்ற சந்தேகத்தைவிட, அடுத்தவருடையது பேசுகிறதோ என்ற சந்தேகம்தான் அவர்களை அதிகம் வாட்டியது. விரலைத் தேய்த்தவர்களின் சீவாளிகளை டால்கார்னோ அடுத்த வாரமே தனி அக்கறையோடு "சரிபார்த்து"க் கொடுத்தார். அப்படிச் சரிபார்த்த வாரங்களில் பேண்டின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. நன்றாகச் சுருதி சேர்ந்துவிட்டதால் அப்படிக் கேட்கிறது என்று அறிவிக்கப்பட்டது.

பிறகு டால்கார்னோ ஓர் உரை நிகழ்த்தினார்.

"நண்பர்களே, சிலருக்குத் தன் சத்தம் தனக்குக் கேக்கணும்னு ஒரு ஆசை வந்திருக்கு. நான் கேக்கறேன், எதுக்கு? நல்ல பைப்பருக்குத் தன் சத்தம் கேக்கவே கூடாது. கேட்டா அவன் பேண்டுல இல்ல, தனியா நிக்கறான்னு அர்த்தம். எங்க தாத்தா சொல்வாரு: என்னை நம்புங்க, மூச்ச மட்டும் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன். அவரு பாத்துக்கிட்டாரு. அதான் கோப்பை."

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டியதில் விரல் குறுகுறுத்தது. சிலருக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. அணிவகுப்பின்போதும் ஒத்திகையின்போதும் தன் விரல் நுனியைத் தானே ஆராய்வது நம்பிக்கைத் துரோகம் என்று கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது.

வாட்டி, தான் கேட்டதைக் கேட்டபடி எழுதி சேர்மனிடம் கொடுத்தார். வேறு மாதிரி எழுத அவருக்குத் தெரியவில்லை. சேர்மன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் வாட்டியைப் பயமுறுத்தியது.

"அருமையா எழுதியிருக்கீங்க. 'அன்று ஒரே ஆள் ஊதினார்.' இதுல 'போல'ன்னு ஒரு சொல் விட்டுப்போச்சு. 'ஒரே ஆள் ஊதுவது போல ஊதினார்கள்.' பாருங்க, எவ்வளவு அழகா வந்துடுச்சு. வங்கியில நாப்பது வருஷம் இருந்தேன் வாட்டி. ஒரு சொல்லச் சேர்த்துட்டா எல்லாக் கணக்கும் நேராயிடும்."

"சேர்மன், ஒண்ணு கேக்கட்டுமா? என் பைப் கேக்குதா?"

"நீங்க இல்லாத பேண்ட என்னால நெனச்சே பாக்க முடியல," என்றார் ராட்ரே உண்மையான உருக்கத்தோடு. "வரிசையில ஒரு ஆள் குறையுமே!"

மறுநாள் வாட்டியை முன்வரிசைக்கு உயர்த்தினார்கள். உயரமாகவும் நிதானமாகவும் நடக்கிறவர்கள் முன்வரிசைக்கு வேண்டும் என்று காரணம் சொல்லப்பட்டது. வீட்டில் கிர்ஸ்டி கல்யாண உடையின் ஓரத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டே கேட்டாள்: "அப்பா, நெஜமா ஊதுவீங்கல்ல? வேற ஆளச் சொல்லட்டுமா? ஆன்ட்ரூவோட மாமாகிட்ட நல்ல ஸ்பீக்கர் இருக்கு."

"ஊதறேன்மா," என்றார் வாட்டி. அந்தச் சொல்லையே அவரால் நம்ப முடியவில்லை. பதினோரு வருடமாகத் தான் பைப்பரா, பைப்பர் போலவா என்பது அவருக்கே தெரியாது.

ஜூன் வந்தது. தூறலும் வந்தது. கூடாரம் ஒழுகியது. மூன்று ஊர்ப் பேண்டுகள், கேக் மேசைகள், தலைநகரத்திலிருந்து பிரதம நடுவர் ஒருவர். அணிவகுப்புக்கு முன் டால்கார்னோ பைப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். வாட்டி தன்னுடையதை வாங்கிக்கொண்டு நேரே பேக்கரி வேனுக்குப் பின்னால் போனார். ஊதுகுழலைப் பிடுங்கினார். சீவாளியின் இடுப்பில் மஞ்சள் நூல், மிக நேர்த்தியாக, மூன்று சுற்று. அவருக்கு ஆத்திரம் வரவில்லை. தான் தினமும் ப்ரைடியின் ஓரத்தை நெரிப்பதைப் போலவே அக்கறையாகக் கட்டியிருக்கிறாரே என்றுதான் தோன்றியது. டேவியின் சீவாளியைச் செருகினார். ஒத்துக் குழல்களுக்குள் இருந்த தக்கைகளை எடுக்க நேரமில்லை, முரசு அழைத்துவிட்டது.

பேண்டு ஹை ஸ்ட்ரீட்டின் முனையில் நின்றது. டால்கார்னோ கையசைத்தார். முரசுகள் உருண்டன. எல்லாரும் ஒரே நேரத்தில் பையை அறைந்து அமுக்கினார்கள்.

ஒரு குழல் கேட்டது.

வாத்து மிதிபட்டது போலத் தொடங்கி, தடுமாறி, பிறகு மெட்டைப் பிடித்துக்கொண்டது. யாரோ மோசமாக ஊதுகிறார்கள் என்று முதலில் வாட்டிக்குத் தோன்றியது. மற்றவர்கள் ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று ஓரக்கண்ணால் பார்த்தார். எல்லாருடைய கன்னமும் உப்பியிருந்தது. எல்லாருடைய விரலும் ஆடியது. முன்னால் டால்கார்னோவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் தன் பைப்பையே நம்பாமல் கீழே குனிந்து பார்த்தார். அப்போதுதான் வாட்டியின் விரல் நுனியில் எறும்புகள் ஊறத் தொடங்கின.

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தத் தெரியவில்லை என்பதுதான் சரி. டன்மெரிக் வரலாற்றில் முதல் தடவையாக, பைப் மேஜருடையது அல்லாத ஒரு குழல், ஒத்து ஊத யாருமில்லாமல், ஹை ஸ்ட்ரீட் முழுவதும் பேசிக்கொண்டே போனது. தபால் நிலையத்தருகே ஒரு சுரத்தைத் தவறவிட்டது. கசாப்புக் கடையருகே இன்னொன்று. கூட்டம் மழைக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்தது.

மேடையில் பிரதம நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனையோ பேண்டு கேட்டிருக்கேன். இத்தனை பேரு சேந்து, ஒரே ஆள் ஊதறது போல! நூறு வருஷமாகியும் டன்மெரிக் மாறவே இல்ல!"

அன்று மாலை மதுக்கடையில் தபால்காரர் அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று மெதுவாகச் சொன்னார். டீச்சர் தன்னுடையது என்றார். கடை மூடும் முன் பேண்டில் இருந்த எல்லாருமே தனித்தனியாக அந்தச் சத்தத்துக்கு உரிமை கோரிவிட்டார்கள். டால்கார்னோ அடக்கமாகத் தலையாட்டினார்.

மறுநாள், அனுமதியில்லாத ஒரு சீவாளி அணிவகுப்பில் பயன்படுத்தப்பட்டதாகவும், அந்த உறுப்பினர் மீது நடவடிக்கை உண்டு என்றும் கமிட்டி அறிவித்தது. உடனே எல்லாருடைய பைப்பும் ஊமையாகிவிட்டது. விசாரணைக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, தான் விதிப்படி ஒரு சத்தமும் போடவில்லை என்று சத்தியம் செய்தார்கள்.

"நான்தான்," என்றார் வாட்டி.

சேர்மன் வருத்தத்தோடு பெருமூச்சு விட்டார். "பாருங்க. மேஜர், பேண்டோட ஒற்றுமைய நெனச்சு, தன்னைத் தவிர எல்லாரையும் அமைதிப்படுத்தியிருந்தாரு. பொறுப்பான முடிவு. மேஜருக்கு வயசாயிடுச்சு, சுருதி ஆடுதுன்னு புகார் வந்ததால, கமிட்டி அவர அமைதிப்படுத்தியிருந்தது. அதுவும் பொறுப்பான முடிவு."

டால்கார்னோ நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "என்னது? என்னையா?"

"உங்க நன்மைக்காகத்தான், கென்னத். ரெண்டு முடிவும் முறைப்படி எடுத்தது. ஒண்ணுக்கொண்ணு தெரியாம எடுத்தது, அவ்வளவுதான். ஆனா வாட்டி, நீங்க யாரயும் கேக்காம, நீங்களா ஊதியிருக்கீங்க!"

"ஊதலன்னா யாருமே ஊதியிருக்க மாட்டாங்களே, சேர்மன்."

"அப்படி நடந்திருந்தா அது முழு ஒற்றுமை," என்றார் ராட்ரே.

வாட்டி நீக்கப்பட்டார். கைகள் ஒன்றுபோல உயர்ந்தன. நூற்றாண்டு மலர் ஜூலையில் வெளிவந்தது. விழா நாளன்று பேண்டு முழுவதும் ஒரே ஆளைப் போல ஊதியது என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை.

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. டேவியின் கட்டிலடியிலிருந்து வந்த பைப்போடு வாட்டி சர்ச் வாசலில் நின்றார். மேட்ரன் அதைச் சந்தோஷமாகவே கொடுத்தனுப்பியிருந்தாள். ஒத்துக் குழல்களை உதறிப் பார்த்தார்; தக்கை இல்லை. சீவாளியைப் பிடுங்கிப் பார்த்தார், நூல் இல்லை. செருகிவிட்டு, மறுபடி பிடுங்கிப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் கிர்ஸ்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "குளிருது."

அவர் பையை அறைந்தார். ஊதினார். சத்தம் கேட்டது போல இருந்தது. விரல் குறுகுறுத்தது போலவும் இருந்தது. ஆனால் பதினோரு வருடமும் இப்படித்தானே இருந்தது? வரிசையாக நின்ற விருந்தினர்களின் முகத்தைப் பார்த்தார். எல்லாரும் புன்னகைத்தார்கள். பேண்டுக்காரர்கள் அவரை வெளியேற்றியபோதும் இப்படித்தான் புன்னகைத்தார்கள். கூட்டத்தில் தபால்காரர் கைதட்டினார்; அவர் எதற்கும் கைதட்டுவார்.

அப்போது கேட்டருகே கட்டியிருந்த நீப், கழுத்தை வானத்துக்கு நீட்டி, கல்லறைத் தோட்டமே எதிரொலிக்க ஊளையிட்டது.

"யாராவது அந்த நாயப் பிடிங்கப்பா!" என்று ஆன்ட்ரூவின் மாமா கத்தினார்.

"விடுங்க," என்றாள் நெட்டா. அவள் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். "அது கமிட்டியில இல்ல."

வாட்டி கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். அவர் மெட்டை மாற்றியபோது ஊளையும் மாறியது. கார் வரை அந்த ஊளை ஓர் இடத்திலும் நிற்கவில்லை.